படிப்பு முடியப் போகுது, அடுத்தது என்ன? சப்போர்ட்டட் இன்டர்ன்ஷிப் பற்றிப் பெற்றோர் கேட்டவை

லண்டன் கல்லூரி ஒன்றில் சிறப்புத் தேவையுள்ள இளையோருக்கு ஜாப் கோச்சாக, அதாவது வேலையிடத்தில் கூட நின்று வேலை பழக்குபவராக இருந்து, இப்போது அந்தப் பிரிவைப் பொறுப்பெடுத்து நடத்துகிறேன். தமிழ்ப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு.

ஹரோவிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு 18 வயது, ஓட்டிசம். அடுத்த வருசம் சப்போர்ட்டட் இன்டர்ன்ஷிப் செய்யலாம் எண்டு கல்லூரியில சொல்லுகினம். இது படிப்போ, வேலையோ அக்கா?

படிப்புத்தான் தங்கச்சி. ஆனால் அந்தப் படிப்பின் பெரும்பகுதி உண்மையான வேலையிடத்தில் நடக்கும். 16 முதல் 24 வயது வரை, ஈஎச்சிபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு வேண்டிய உதவிகளைக் கவுன்சில் எழுதிக் கொடுக்கும் சட்டப்படியான திட்டம்) உள்ள பிள்ளைகளுக்கானது. குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு. ஆங்கிலமும் கணக்கும் உண்டு, அதுவும் வேலையோடு ஒட்டியதாகத்தான் இருக்கும். முடிவில் சம்பள வேலை ஒன்று கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இதில் பெயர்பெற்ற ஒரு வடிவம் புரொஜெக்ட் சேர்ச். 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனையில் தொடங்கியது. அவசரப் பிரிவைப் பொறுப்பாக நடத்திய எரின் ரீல் என்ற தாதிக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. மருத்துவப் பொருள் அலுமாரிகளை ஒழுங்காக நிரப்பும் வேலைக்கு வருகிறவர்கள் நிலைத்து நிற்பதில்லை. கற்றல் குறைபாடுள்ள இளையோரைப் பழக்கி அந்த வேலையில் அமர்த்தினால் என்ன என்று அவர் யோசித்தார். ஒரு மருத்துவமனைக்கு உண்மையாகவே ஆள் தேவைப்பட்ட இடத்திலிருந்து இது பிறந்தது. நல்ல இன்டர்ன்ஷிப் எது என்று பார்க்க நான் முதலில் கேட்பதும் அதைத்தான்: இந்தப் பிள்ளை ஒருநாள் வராவிட்டால் அங்கே யாராவது தேடுவார்களா?

ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு மணி பார்க்கத் தெரியாது, காசும் சரியா எண்ணமாட்டான். முதல்ல வீட்டில பழக்கிப்போட்டு, ரெண்டு மூண்டு வருசத்தால அனுப்பினா என்ன?

வேண்டாம் அண்ணா. இந்த ஒரு எண்ணம்தான் எங்கள் பிள்ளைகளின் வருடங்களை அதிகமாகத் தின்கிறது. "இன்னும் தயாரில்லை" என்று ஒரு கோர்ஸ், அதற்குப் பிறகு இன்னொரு கோர்ஸ், கடைசியில் 25 வயதில் வீட்டுக்குள்.

1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கின் பாகங்களைச் சரியான வரிசையில் பூட்டக் கற்றுக்கொடுத்தார். ஒன்றும் செய்ய இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, வாய்ப்பேச்சைக் குறைத்துக் கையோடு காட்டிக் கொடுத்தார். அவர்கள் பூட்டினார்கள். ஒருவர் கற்காவிட்டால் கற்பிக்கும் விதத்தை மாற்று என்பதே அவர் கொள்கை. எங்கள் பயிற்சிமுறை அந்த வழியில் வந்தது. முதலில் வேலையில் இறக்குவது, பிறகு அந்த இடத்திலேயே பழக்குவது.

நீச்சலைத் தரையில் வைத்துப் பழக்க ஏலாது. மணி பார்க்கத் தெரியாவிட்டால் இடைவேளைக்குப் போனில் அலாரம் வைக்கலாம். காசு எண்ணத் தேவையில்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன.

குறொய்டனிலிருந்து ஒரு அக்கா: ஜாப் கோச் முழுநாளும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே நிற்பாரா? என்னதான் செய்வார்?

தொடக்கத்தில் நிற்பார். பிறகு விலக வேண்டும். விலகத் தெரியாத கோச் நல்ல கோச் இல்லை.

கோச் முதலில் அந்த வேலையைத் தானே செய்து பழகுவார். ஒரு வார்டில் கையுறைப் பெட்டிகள் அடுக்கும் வேலை என்று வையுங்கள். பார்ப்பவருக்கு ஒரே வேலைதான். பிரித்துப் பார்த்தால், அலுமாரியைத் திறப்பது, எந்த அளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது, களஞ்சிய அறைக்குப் போவது, அதே அளவை எடுப்பது, பழையதை முன்னுக்கு இழுத்துப் புதியதைப் பின்னுக்கு வைப்பது என்று நீளும். ஒவ்வொரு படியிலும் பிள்ளை எங்கே தடங்குகிறது என்று கோச் குறித்துக்கொள்வார்.

எங்களிடம் இருந்த ஒரு பையனுக்கு எல்லாப் படியும் வந்தது, நிறுத்த மட்டும் தெரியவில்லை. பெட்டி பிதுங்கி விழும்வரை அடுக்கிக்கொண்டே இருப்பான். "காணும், காணும்" என்று சொல்லச் சொல்லப் பதற்றம்தான் கூடியது. அலுமாரித் தட்டின் உட்சுவரில் ஒரு சிவப்பு டேப் ஒட்டினோம். கோடு வரைக்கும் பெட்டி, அதற்கு மேலே வெறுமை. அதற்குப் பிறகு ஒருவரும் அவனுக்கு வாய் திறந்து சொல்லத் தேவைப்படவில்லை. வார்டில் புதிதாக வந்த தாதிகளுக்கும் அந்தக் கோடு உதவியது.

வேலை பழகப் பழக கோச் பக்கத்திலிருந்து வாசலுக்குப் போவார், வாசலிலிருந்து அடுத்த அறைக்கு. அந்த இடத்தை அங்கே வேலை செய்யும் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்டர்ன் ஒரு சந்தேகத்தைக் கோச்சிடம் கேட்காமல் கூட வேலை செய்பவரிடம் போய்க் கேட்கும் நாள்தான் எனக்குப் பெரிய நாள்.

ஹேய்ஸிலிருந்து: ஒரு வருசம் சம்பளமில்லாமல் வேலை வாங்குறது சுரண்டல் இல்லையா?

நியாயமான கேள்வி. கல்வித் திட்டத்தின் பகுதி என்பதால் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இதற்குப் பொருந்தாது. அதனாலேயே கண் வைத்திருக்க வேண்டும். சேர முதல் கல்லூரியிடம் கேளுங்கள்: போன வருடம் இங்கே முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று சம்பளம் வாங்குகிறார்கள்? நேரடியாகப் பதில் சொல்லாவிட்டால் வேறு கல்லூரி பாருங்கள். இன்டர்ன்ஷிப் முடிந்தும் "தொண்டராகத் தொடரட்டும்" என்று இழுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெம்பிளியிலிருந்து ஒரு மாமா: என்ர மருமகனை எங்கட ஆக்களின்ர கடையில நிக்க விடலாம்தானே? தெரிஞ்ச இடம், தமிழும் கதைக்கலாம்.

விடலாம் மாமா, அது உண்மையான வேலையாக இருந்தால். தமிழில் சொன்னால் சட்டென்று விளங்கும் பிள்ளைக்கு அது பெரிய பலம். ஆனால் பாவம் பார்த்து ஒரு மூலையில் கதிரை போட்டு இருத்தி, பின்னேரம் கையில் பத்து பவுண்ஸ் கொடுத்து அனுப்புவதை நான் வேலை என்று சொல்லமாட்டேன். நேரம், பொறுப்பு, சம்பளச் சீட்டு மூன்றும் இருக்க வேண்டும். ஊழியரென்றால் சட்டப்படியான சம்பளம்தான். கடைக்காரர் விரும்பினால் கல்லூரி மூலம் இன்டர்ன்ஷிப் இடமாகவே பதியலாம். அப்போது கோச்சும் அங்கே வருவார்.

அதே ஹரோ அம்மா: பெனிபிட் நிண்டிடுமோ?

பிஐபி (குறைபாட்டால் வரும் மேலதிகச் செலவுக்கான உதவிப்பணம்) நிற்காது. வேலை செய்தாலும் சம்பளம் எடுத்தாலும் பிஐபிக்கு அது கணக்கில்லை. யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவிப்பணம்) வேறு: சம்பளம் வரத் தொடங்கினால் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறையும். வேலைத்திறன் குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு முதல் ஒரு தொகையைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பிள்ளை தன் பெயரில் யூனிவர்சல் கிரெடிட் எடுத்தால், அந்தப் பிள்ளைக்காக உங்களுக்கு வரும் சைல்ட் பெனிபிட் நிற்கும். அதனால் வீட்டு வரவு முழுவதையும் ஒரு நலன்புரி ஆலோசகருடன் இருந்து கணக்குப் பாருங்கள். பெனிபிட் பயத்தில் வேலையே வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்களில் பலர் அந்தக் கணக்கைப் பார்த்ததே இல்லை.

இல்போர்டிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு டவுன் சின்ட்ரோம். தனிய பஸ்ஸில விட எனக்கு நெஞ்சு பதறுது.

பதறாத அம்மா ஒருவரையும் நான் கண்டதில்லை. தனிய விடச் சொல்லி உடனே ஒருவரும் கேட்கமாட்டார்கள். பயணப் பயிற்சி என்று தனியாகவே உண்டு. கவுன்சிலிடமும் கல்லூரியிடமும் கேளுங்கள். முதலில் பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில், பிறகு பின் இருக்கையில், பிறகு இறங்கும் தரிப்பிடத்தில் மட்டும். பஸ் வழிமாறினால் யாரிடம் கேட்பது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் பழக்குவார்கள். கற்றல் குறைபாடுள்ளவர்களுக்கு லண்டனில் இலவசப் பயணத்துக்கு ஃபிரீடம் பாஸ் உண்டு. பயிற்சி முடிந்தும் தனியே போக முடியாதவர்களுக்கு ஆக்செஸ் டு வேர்க் என்ற அரச உதவித் திட்டம் மூலம் டாக்சிச் செலவுக்கு உதவி கேட்கலாம்.

சட்டனிலிருந்து ஒரு அப்பா: மகன் செடி கொடி வேலைதான் வேணும் எண்டு நிக்கிறான். நாங்கள் கொம்பியூட்டர் வேலையெண்டா மரியாதை எண்டு பார்க்கிறம்.

செடி வேலைக்கே விடுங்கள் அண்ணா. 16 வயதுக்கு மேல் தன் முடிவைத் தானே எடுக்க வல்லவர் என்றுதான் 2005ஆம் ஆண்டு முடிவெடுக்கும் மனத்திறன் பற்றிய சட்டம் (மென்டல் கப்பாசிட்டி அக்ட்) தொடங்குகிறது. இயலாது என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். சட்டத்தை விடுங்கள், விருப்பமில்லாத இடத்தில் இந்தப் பிள்ளைகள் நடித்துக்கொண்டு இருக்கமாட்டார்கள். கோயிலில் நாலு பேர் கேட்டால், "மகன் வேலைக்குப் போறான்" என்று சொல்லுங்கள். அது போதும்.

லூட்டனிலிருந்து: ஈஎச்சிபி இல்லாட்டி? மகளுக்கு இப்ப 14.

14 வயது என்றால் நல்ல நேரம். ஈஎச்சிபிக்கு இப்போதே கவுன்சிலிடம் விண்ணப்பியுங்கள்; பள்ளி மூலம்தான் போக வேண்டும் என்றில்லை, பெற்றோரே கேட்கலாம். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கிடைத்த பின், பள்ளியின் ஒன்பதாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வருடாந்த மீளாய்விலும் வளர்ந்த பிறகான வாழ்க்கையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். "வேலை" என்ற சொல்லை அந்தத் தாளில் ஏற்றுங்கள். அதில் இல்லாததை 18 வயதில் கேட்டால் கிடைப்பது கடினம்.

ஈஸ்ட்ஹாம் அப்பா மறுபடியும்: வேலை கிடைச்ச பிறகு கோச் இல்லையெண்டா விழுந்திடமாட்டானோ?

சம்பள வேலை தொடங்கினால் ஈஎச்சிபி பொதுவாக முடிந்துவிடும். சம்பளத்தோடு தொழில் பழகும் அப்ரென்டிஸ்ஷிப் என்றால் தொடரலாம். அதோடு உதவி நின்றுவிட வேண்டியதில்லை. வேலையிடத்துக் கோச்சுக்கான பணத்தை ஆக்செஸ் டு வேர்க்கில் கேட்கலாம். விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுபடுகிறது, ஆகவே வேலை உறுதியானதும் அன்றே போடுங்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி முதலாளியும் நியாயமான மாற்றங்கள் செய்ய வேண்டும்: எழுத்துக்குப் பதில் படத்தில் அட்டவணை, சத்தமில்லாத இடத்தில் இடைவேளை போன்றவை. அநேகமாகச் சிக்கல் வருவது மேலாளர் மாறும்போதுதான். பழையவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, மகனின் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். மகனே அதை வாசித்து, சரியென்று ஒத்துக்கொண்ட பிறகு வைக்கட்டும்.