புது எஸ்எஸ்டி இன்ஸ்டால்ல தெரியலயா? ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி இத பாருங்க

கேள்வி: அண்ணா, 12வது ஜெனரேஷன் ஐ5 லேப்டாப்ல இருந்த 256 ஜிபிய கழட்டிட்டு புதுசா 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டேன். பென்டிரைவ் வச்சு விண்டோஸ் 11 போட்டா டிரைவே இல்லனு வருது. கடையில கேட்டா எஸ்எஸ்டி டெட்டுங்கறாங்க. ரிட்டர்ன் போட்டுடவா?

பதில்: தம்பி, அவசரப்படாத. பயாஸ் உள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்குற செட்டிங்ஸ் திரைக்குள்ள, போயி எஸ்எஸ்டி பேரு வருதான்னு மட்டும் பாரு. பேரு வந்தா அது உயிரோடதான் இருக்கு, டெட்டுன்னு சொன்னவர் பயாஸ தொறந்தே பாத்திருக்க மாட்டார். வரலன்னா கழட்டி, சாய்வா உள்ள தள்ளி, அமுக்கி ஸ்க்ரூ போடு, நெறைய பேருக்கு அதுலயே சரியாயிடும். அப்பவும் வரலன்னா வாங்குனது என்விஎம்இ இல்லாம, பாக்க அதே மாதிரி இருக்குற பழைய வகை சாட்டா எம்.2வான்னு பாரு, ஸ்லாட்ல கச்சிதமா உக்காரும், ஆனா என்விஎம்இ மட்டும் எடுக்குற ஸ்லாட்ல வேலை செய்யாது.

பயாஸ்ல பேரு வந்துச்சுன்னா, உன் கேஸ் அநேகமா விஎம்டிதான். இன்டெல் 11வது ஜெனரேஷன்ல இருந்து நெறைய லேப்டாப்ல எஸ்எஸ்டி இந்த விஎம்டிங்கற கன்ட்ரோலருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது, அதுக்கான டிரைவர், அதாவது அதோட பேச வேண்டிய சாஃப்ட்வேர், விண்டோஸ் பென்டிரைவ்ல இருக்காது, அதனால இன்ஸ்டாலருக்கு கண்ணு தெரியல. அவ்ளோதான் விஷயம். 2020ல வந்த சிப்பு, இத்தன வருஷம் கழிச்சும் அந்த சின்ன டிரைவர உள்ள வச்சு குடுக்க மைக்ரோசாஃப்ட்டுக்கு மனசு வரல, நாமதான் கெடந்து அல்லாடணும்.

வேற கம்ப்யூட்டர்ல உன் லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துக்குப் போயி, மாடல் நம்பர் போட்டு, இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவர எறக்கு, அந்த விஎம்டி டிரைவர் இதுதான். கூகுள்ல மொதல்ல வர்ற டிரைவர் பேக் சைட்டு பக்கம் தயவுசெஞ்சு போகாத, பாதி வைரஸ் மீதி விளம்பரம். எறக்குனத அப்படியே பென்டிரைவ்ல போட்டா ஆகாது, பிரிச்சு, ஐஎன்எஃப்னு முடியற ஃபைல் இருக்குற ஃபோல்டரத்தான் காப்பி பண்ணணும். அப்பறம் இன்ஸ்டால்ல லோட் டிரைவர் அமுக்கி அந்த ஃபோல்டர காட்டு.

இன்னொரு வழி, பயாஸ்ல விஎம்டிய ஆஃப் பண்றது. ஏசர்ல மெயின் பக்கத்துல கன்ட்ரோல் எஸ் அமுக்குனாத்தான் அந்த ஆப்ஷனே தலைய காட்டும், இத எல்லாம் எவன் கண்டான். ஆனா ஒண்ணு, உள்ள ஏற்கனவே விண்டோஸ் இருக்குற டிரைவ் இருந்தா, அதாவது ரெண்டு ஸ்லாட் லேப்டாப்ல பழைய 256 கழட்டாம அப்படியே கெடந்தா, ஆஃப் பண்ணாத. திரும்பச் சொல்றேன், ஆஃப் பண்ணாத. அந்த விண்டோஸ் விஎம்டி இருக்குற நெனப்புல பழகிப்போனது, ஆஃப் பண்ணா பூட் ஆகாம நீலத்திரை வரும், டிரைவ பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருந்தா ரெக்கவரி கீ வேற கேக்கும், அந்த கீ எங்கன்னு அப்பத்தான் தேடுவ. தெரியாம பண்ணிட்டா திரும்ப ஆன் பண்ணு, பழையபடி வந்துடும். நீ கழட்டிட்டேங்கறதால ரெண்டுல எதுவேணா பண்ணலாம்.

யூடியூப்ல டிஸ்க்பார்ட் தொறந்து, டிஸ்க்குல இருக்குறத எல்லாம் அழிக்கிற கிளீன் கமாண்ட அடிங்கன்னு ஒரு கூட்டம் சுத்துது. நம்மகிட்ட ஒரு பையன் வந்தான், எஸ்எஸ்டி தெரியலன்னு வீடியோ பாத்து டிஸ்க் 0க்கு கிளீன் அடிச்சிருக்கான். தெரியாத எஸ்எஸ்டிக்கு எப்படி நம்பர் வரும்? அந்த 0 அவனோட பென்டிரைவ். விண்டோஸும் போச்சு, அதுலயே வச்சிருந்த காலேஜ் ப்ராஜெக்ட்டும் போச்சு. அதுக்கு முன்னாடியே ஒரு கடையில மதர்போர்டு சர்வீஸ்னு 3,500 ரூவா கேட்டு அனுப்பியிருக்காங்க. டிரைவர் லோட் பண்ணி பத்து நிமிஷத்துல முடிஞ்ச வேலை.

டிரைவர் ஏறுனதும் லிஸ்ட்ல அன்அலகேட்டட்னு, அதாவது இன்னும் பிரிக்காத காலி இடம்னு, ஒரே வரி வரும். பார்ட்டிஷன் எதுவும் போடாத, அத செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடு போதும். 1 டிபி வாங்குனதுக்கு 931 ஜிபிதான் காட்டும், அதுக்கு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாத, கம்பெனிக்காரன் ஆயிரத்தால பெருக்கி எழுதறான், விண்டோஸ் 1024ஆல வகுத்துக் காட்டுது.