சண்டைக்கே போகாத ட்ரெய்னி பைலட்டுங்க ரெண்டாம் உலகப்போர்ல எப்படி செத்தாங்க?

எதிரியால இல்லைங்க, பெரும்பாலும் மேகம், அனுபவக் குறைவு, நெரிசலான வானம், இதுதான் காரணம். பிரிட்டிஷ் விமானப்படைல மட்டும் பயிற்சி விபத்துல 5,000 பேருக்கு மேல போயிட்டாங்க.

1941 டிசம்பர் 11, இங்கிலாந்துல லிங்கன்ஷையர். அமெரிக்கப் பையன் ஜான் கில்லெஸ்பி மேகி, கனடா விமானப்படைல சேர்ந்தவரு, ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துல மத்த விமானங்களோட சேர்ந்து மேகத்துல இருந்த ஒரு ஓட்டை வழியா கீழ இறங்குறாரு, அதே நேரம் கிரான்வெல் விமானத்தளத்துல இருந்து கிளம்பின ஆக்ஸ்ஃபர்ட் பயிற்சி விமானம் மேகத்துக்குக் கீழ பறந்துட்டு இருக்கு, சுமார் 1,400 அடி உயரத்துல ரெண்டும் மோதிடுச்சு. மேகி கூண்டுக் கண்ணாடிய தள்ளித் திறக்கப் போராடினத ஒரு விவசாயி பார்த்தாரு. மேகி எழுந்து நின்னு குதிச்சாரு, ஆனா பாராசூட் விரியுற அளவுக்கு உயரம் இல்ல.

அந்த ஆக்ஸ்ஃபர்ட்ல இருந்த ட்ரெய்னியும் செத்துட்டான், மேகி மாதிரியே அவனுக்கும் வயசு 19தான். மேகி கவிதை எழுதினவரு, அதனால உலகமே அவர ஞாபகம் வச்சிருக்கு. இந்தப் பையன் பேர யாரும் சொல்றதில்ல, அதான் எனக்கு ரொம்ப வலிக்குது.