பட்டா என்று வந்தால் அது நம் நாட்டுப் பதில் அல்ல

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் அம்மாவின் பெயரில் அரை ஏக்கர் காணி இருக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்து 2012இல் திரும்பி வந்தோம். ஒன்பதரை வருடத்துக்கு முன் பக்கத்துக் காணிக்காரர் வேலியை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுத் தென்னை வைத்துவிட்டார். தம்பி சாட்ஜிபிடியிடம் கேட்டான். "12 வருடம் தாண்டினால்தான் உரிமை போகும், பட்டாவோடு சார்பதிவாளரிடம் போங்கள்" என்று பதில் வந்தது. ஒரு தரகரும் அதையே அச்செடுத்து வந்து காட்டி, அம்மாவிடம் ஒப்பம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அந்தப் பதில் முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அது இந்தியாவுக்குச் சரி. அங்கே 1963ஆம் ஆண்டின் சட்டப்படி 12 வருடம்தான். இலங்கையில் நமக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் 10 வருடம். இரண்டரை வருடம் கையில் இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், உண்மையில் இருப்பதோ ஆறு மாதம்.

இந்தப் பிழை எப்படி வந்தது? அந்த இயந்திரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. படித்த எழுத்துகளிலிருந்து அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து அடுக்குகிறது. தமிழில் காணி பற்றி இணையத்தில் கிடப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்காரர் எழுதியது. நம் சட்டங்களைச் சாதாரண ஆள் வாசிக்கக்கூடிய தமிழில் போட இங்கே எவருக்கும் நேரமில்லை. 150 வருடச் சட்டத்துக்கே இந்தக் கதி என்றால் இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன செய்வது?

ஆகவே பதிலின் சொற்களைப் பாருங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ், சார்பதிவாளர், தாசில்தார் என்று வந்தால் அது வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நமக்கு உறுதி (காணிப் பத்திரம்), அதை எழுதும் நொத்தாரிசு, காணிப் பதிவகம், பிரதேச செயலகம். தம்பி "இலங்கை, திருகோணமலை" என்று சேர்த்துக் கேட்டால் பதில் கொஞ்சம் திருந்தும். ஆனால் அது வழக்கு இலக்கம் ஏதும் தந்தால் நம்பாதீர்கள். 2023இல் நியூயோர்க்கில் இல்லாத வழக்குகளை அதனிடம் வாங்கி நீதிமன்றத்தில் கொடுத்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விழுந்தது. படித்தவர்களே ஏமாந்த இடம் அது.

இனித் தரகர். கணினியில் அச்சடித்த காகிதம் என்றால் நம் சனத்துக்கு ஒரு மரியாதை. முன்பு கச்சேரி (அரச செயலக) வாசலில் "உள்ளே எனக்கு ஆள் இருக்கு" என்றவர்கள், இப்போது "ஏஐ சொல்லிப்போட்டுது" என்கிறார்கள். அவர் கேட்கும் ஒப்பம் எதற்கு? பெரும்பாலும் அற்றோணித் தத்துவத்துக்காக, அதாவது அம்மாவுக்குப் பதிலாக அவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்துக்காக இருக்கும். அதில் அம்மா ஒப்பமிட்டால் காணியை விற்கும் அதிகாரம்கூட அவர் கைக்குப் போகலாம். நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் இன்று காணிக்கு இருக்கும் கிராக்கி உங்களுக்குத் தெரியாததல்ல. வெறும் தாளிலோ, வாசித்து விளங்காத தாளிலோ அம்மா ஒப்பம் வைக்கக் கூடாது. அவசரம் என்று அவர் சொன்னால் இரண்டு மடங்கு கூடாது. உறுதியையோ அடையாள அட்டையையோ படமெடுத்து அவருடைய போனுக்கும் அனுப்ப வேண்டாம், அந்த இயந்திரத்துக்கும் அனுப்ப வேண்டாம்.

ஒரு விடயத்தை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாட்ஜிபிடி உங்களிடம் அதைக் கேட்கவே இல்லை. அம்மாவிடம் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா? குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில் இரண்டு வகைக் காணியும் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த அனுமதிப்பத்திரம் என்றால் காணி இன்னும் அரசுடையது. அரசுக்கு எதிராக இந்தப் பத்து வருடக் கணக்கு ஓடாது; வேலிக்காரருக்கு அது சொந்தமாகாது. அதற்காக நீங்கள் காலை நீட்டிப் படுக்கவும் முடியாது. காணியைக் கவனிக்காமல் விட்டால் அம்மாவின் பத்திரமே ரத்தாகலாம். அப்படியானால் நீங்கள் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம், எழுத்து மூலமான முறைப்பாட்டோடு. கொடுத்த கடிதத்தின் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். வாங்காவிட்டால் அடுத்த முறை "அப்படியொரு கடிதம் வரவில்லையே" என்பார்கள். உத்தியோகத்தர் மாறிப் போயிருப்பார், கோப்பு எங்கோ கிடக்கும். எத்தனை கண்டுவிட்டேன்.

நொத்தாரிசு உறுதி என்றால் ஆறு மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாக வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டையும் கிராம அலுவலரின் கடிதத்தையும் நம்பிக் காலத்தை ஓட்டாதீர்கள். அவை சாட்சிக்கு உதவும், காலத்தை நிறுத்தும் என்று இருக்கக் கூடாது. இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் வந்த விசேட சட்டமும் உங்களுக்குப் பொருந்தாது. அது பேசுவது 2009 மே வரையான காலத்தைப் பற்றி. உங்கள் வேலி அதற்குப் பின் நகர்ந்தது.

தம்பியின் கெட்டித்தனம் வீண்போக வேண்டாம். எந்த வருடம் என்ன நடந்தது என்பதைத் தேதி வரிசையில் எழுதித் தரச் சொல்லி அந்த இயந்திரத்திடம் கொடுக்கட்டும், அம்மாவின் பெயரும் உறுதி இலக்கமும் இல்லாமல். அதை அது நன்றாகச் செய்யும். அந்தத் தாளோடும் மூல உறுதியோடும் ஒரு சட்டத்தரணியிடம் இந்த வாரமே போங்கள். நில அளவையாளர் வந்தால், வேலியோடு சேர்த்துத் தென்னைகளின் வயதையும் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறேன் என்று வேலிக்காரர் நீதிமன்றத்தில் சொல்லும்போது மரம் ஒன்பது வருடம் என்று காட்டும்.