‘அசோகர் காசு’ என்று விற்கப்பட்ட வெள்ளிக் காசு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாணயக் கண்காட்சி ஒன்றில் ஒரு வெள்ளிக் காசு வாங்கினேன். ஏறக்குறைய சதுரம், ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கிறது. 15 × 13 மி.மீ. அளவு, நல்ல தடிப்பு, எடை 3.21 கிராம். முன்புறம் சூரியனும் பிறை சூடிய மலையும் தெரிகின்றன. மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலங்கியிருக்கின்றன. பின்புறம் ஒரே ஒரு குறி. விற்றவர் ‘அசோகர் காசு’ என்றார். அது உண்மையா? போலியாக இருக்குமா? கறுப்பும் பச்சைத் திட்டும் படிந்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

புளியைத் தொடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

உங்களிடம் இருப்பது முத்திரைக் காசு, அதாவது வெள்ளித் துண்டின் மேல் குறிகளைத் தனித்தனி முத்திரையால் அடித்தது. வடமொழி நூல்கள் கார்ஷாபணம் என்று சொல்வது இந்த வகையைத்தான். இதில் அரசன் பெயரோ ஆண்டோ எழுத்தோ கிடையாது. ஆகவே ‘யாருடைய காசு’ என்ற கேள்விக்குக் காசிலிருந்து நேரடியாகப் பதில் எடுக்க முடியாது. ‘எந்த வரிசையைச் சேர்ந்தது’ என்று கேட்டால் பதில் உண்டு. நாணய ஆய்வாளர்கள் பி. எல். குப்தாவும் டெரி ஹார்டேக்கரும் மகத, மௌரியக் காசுகளை ஏழு வரிசைகளாகப் பிரித்து எண்ணிட்டிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இன்று பேசுவது அந்த எண்களை வைத்துத்தான்.

முன்பின் வரிசையைத் தீர்மானிக்கப் புதையல்களே பெரிதும் கைகொடுத்தன. தட்சசீலத்தின் (இன்றைய பாகிஸ்தானில் உள்ள பழைய நகரம்) பீர் மேட்டில் 1924இல் கிடைத்த குவியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகளோடு அலெக்சாந்தரின் காசு இரண்டும் அவருக்குப் பின் அரசரான பிலிப் அரிதேயுசின் காசு ஒன்றும் இருந்தன. அதிலிருந்த முத்திரைக் காசுகள் அகலமான, மெல்லிய, பழைய வகை. ஆகவே அந்த வகை கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதிக்குள் புழங்கித் தேய்ந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். சிறுத்துத் தடித்த காசுகள் பிந்தியவை. பழையவற்றின் பின்புறத்தில் பொடிப்பொடியாகப் பல குறிகள் இருக்கும், பிந்தியவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் காசின் தடிப்பு, ஒற்றைப் பின்குறி, பிறை சூடிய மூவளைவு மலை மூன்றும் மௌரியர் காலத்துக்குப் பொருந்துகின்றன. மௌரியர் காலத்தது எனக் கருதப்படும் சோகௌரா செப்பேட்டிலும் அந்த மலைக்குறி உண்டு. ஆனால் மௌரியர் காலம் என்பதிலிருந்து அசோகர் என்று தாவ எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முன்புறத்தில் ஐந்து குறிகள் இருக்க வேண்டும். அவற்றில் சூரியனும் ஆறு கைச் சக்கரமும் நிலையானவை. மீதி மூன்றுதான் காசுக்குக் காசு மாறும்: யானை, காளை, வேலியிட்ட மரம், மலைமேல் மயில் என்று. இருட்டறையில் காசை வைத்து ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில், மிகத் தாழ்வாகப் பிடியுங்கள். விளக்கை நகர்த்தாமல் காசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் படம் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் எழும். பிறகு ஒவ்வொரு குறியையும் தனித்தனித் தாளில் வரையுங்கள். முத்திரை பாதி காசின் விளிம்புக்கு வெளியே விழுந்திருக்கும், தெரிகிற பாதியை மட்டும் வரைந்தால் போதும், ஊகித்து முடிக்காதீர்கள். சக்கரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். நடு வட்டத்திலிருந்து கிளம்பும் ஆறு கைகளில் மூன்று அம்புகள், இடையிடையே வேறு மூன்று வடிவங்கள். அந்த மூன்று என்ன என்பதை வைத்தே காசு எந்த வகுப்பு என்று பிரிக்கிறார்கள். ‘சக்கரம்’ என்று மட்டும் குறித்துக்கொண்டு பட்டியலைப் புரட்டினால் எதிலும் பொருந்தாது.

பின்புறக் குறியையும் ஒரு முறை நன்றாகப் பாருங்கள். கோட்டுருவ மீன் இருந்தால் கதையே வேறு. போடிநாயக்கனூர்ப் புதையலில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளில் அந்த மீன்தான் இருக்கிறது, அவற்றைப் பாண்டியர் வெளியீடாகக் கொள்கிறார்கள்.

போலியா என்பதற்கு எடையிலிருந்து தொடங்கலாம். இந்தக் காசின் இலக்கு எடை 32 குன்றிமணி, அதாவது சுமார் 3.4 கிராம். புழங்கித் தேய்ந்தால் 3.21 இயல்பானதே. அடுத்தது அடர்த்தி. மில்லிகிராம் காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலோ சுவரிலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். உங்கள் காசுக்குத் தராசு 0.306 முதல் 0.32 கிராம் வரை காட்டினால் உலோகம் வெள்ளிதான். 0.35ஐ ஒட்டி வந்தால் உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் எண் ஏறிவிடும், ஆகவே தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். பூச்சுக் காசு எல்லாமே இன்றைய மோசடி அல்ல, அக்காலத்திலேயே அதைச் செய்திருக்கிறார்கள்.

வெள்ளி என்று உறுதியானாலும் பழமை உறுதியாகாது, நல்ல வெள்ளியிலேயே போலி வார்க்கிறார்கள். அதற்கு விளிம்பைப் பாருங்கள். அசல் காசு தகட்டிலிருந்து உளியால் வெட்டி, எடை சரிசெய்ய மூலை நறுக்கி, ஐந்து முத்திரைகளையும் ஒவ்வொன்றாக அடித்தது. வெட்டிய பக்கத்தில் கோடும் பிசிறும் தெரியும், முத்திரைக்கு முத்திரை ஆழம் மாறும், ஓங்கி அடித்த இடத்துக்கு நேர் பின்னால் தகடு சற்றே புடைத்திருக்கும். வார்ப்பில் ஓரம் வழுவழுவென்று உருண்டிருக்கும், குழிகளுக்குள் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை இன்னொன்று உண்டு. ஐந்து குறிகளும் அதே இடத்தில், அதே சாய்வில், அதே மூலைவெட்டோடு இன்னொரு காசு கண்ணில் பட்டால் இரண்டில் ஒன்றாவது வார்ப்பு. தனித்தனியாகக் கையால் அடித்த காசு இரண்டு அப்படி அமைய வழியே இல்லை. விற்றவரின் மற்றக் காசுகளின் படம் கிடைத்தால் கட்டாயம் ஒப்பிடுங்கள்.

சுத்தம் செய்வது பற்றி. காசில் வெள்ளியோடு செம்பும் கலந்திருக்கிறது, பச்சைத் திட்டு அந்தச் செம்பு அரித்து மேலே வந்ததுதான். புளியும் எலுமிச்சையும் திட்டோடு நில்லாமல் உள்ளிருக்கும் செம்பையும் தின்றுவிடும், மேற்பரப்பு பஞ்சுபோல் பொருமிவிடும். திருநீறு, பற்பசை எல்லாம் முத்திரையின் மெல்லிய கோடுகளைத் தேய்த்துவிடும். வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீரில்) ஒரு வாரம் ஊறவைத்துத் தினமும் நீரை மாற்றுங்கள், மண் இளகினால் மூங்கில் குச்சியால் நெம்பாமல் தள்ளுங்கள். கறுப்பு இருக்கட்டும், அது காசைக் கெடுக்காது. வளைத்தும் தரையில் போட்டும் சோதிக்கவே வேண்டாம், பழைய வெள்ளி நொறுங்கக்கூடியது. பிவிசி உறை, ரப்பர் வளையம் இரண்டையும் தவிர்த்து அமிலமற்ற காகித உறையில் வையுங்கள். உறைமேல் எடை, அளவு, வாங்கிய நாள், இடம் எழுதுங்கள்.

ரசீது வாங்காமல் வந்திருந்தால் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த இத்தகைய காசை வணிகமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவோ அனுப்பவோ கூடாது. ‘நிலத்தில் கிடைத்தது’ என்று யாராவது பானையோடு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பானை கலையாமல் இருந்தால்தான் எந்தக் காசு எதனோடு புழங்கியது என்று அறிய முடியும்.

வரைந்த ஐந்து தாள்களையும் பின்புறப் படத்தையும் அனுப்புங்கள், வரிசை எண்ணைச் சேர்ந்து பார்க்கலாம்.