போதைப்பொருளைக் கண்டறியும் கருவி செய்ய மகள் ஆசைப்படுகிறாள்: பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, வணக்கம்.

போன வாரம் என் மேசையில் வைத்துவிட்டுப் போன கல்லூரிக் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டேன். அட்டையில் பூதக்கண்ணாடி, கையுறை, போலீஸ் கட்டுகிற மஞ்சள் நாடா. உள்ளே 3 வருட 'தடய அறிவியல்' பட்டப்படிப்பு. "பிள்ளை இதில்தான் சேருவேன் என்கிறாள். அவளைப் பெத்த அவுக அப்பச்சி மலேசியாவிலிருந்து வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். அப்பத்தா ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று சொன்னீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "போதைப்பொருள் பிடிக்கிற வேலைக்கா நான் பொம்பளைப் பிள்ளையைப் பெத்தேன்?" என்றும் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பிள்ளையும் படிக்கட்டும்.

நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவளிடம் தனியாகப் பேசினேன். யாரையும் பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை. டியூஷனில் கூடப் படித்த பையன் ஒருவன் ஏதோ வலி மாத்திரையைப் பழகி, ஒரு நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் டாக்டர் "என்ன மாத்திரை?" என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. பையில் இரண்டு மாத்திரை உடைந்து தூளாகக் கிடந்ததாம். "தூளைப் பார்த்து இது இன்னதுன்னு சொல்ல ஒரு சின்ன மெஷின் இருக்காதா சார்?" என்று கேட்டாள். ஆச்சி, இது போலீஸ்காரி ஆக வேண்டும் என்ற ஆசை இல்லை. ஒரு பொருள் என்ன என்று சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும் என்ற ஆசை. ரெண்டும் வேறு வேறு வேலை.

வீட்டில் அவள் மஞ்சள் தடவிக் காயவைத்த தாள்களைப் பார்த்து "கிறுக்குத்தனம்" என்றீர்கள். அது என்ன என்று நான் சொல்கிறேன். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதைத்தான் தாளில் செய்திருக்கிறாள். சுண்ணாம்புக்குச் சிவந்தது. சலவை சோடாவுக்கும் சிவந்தது, சோப்புத் தண்ணீருக்கும் சிவந்தது. நோட்டில் அவளே எழுதியிருக்கிறாள்: "சிவந்தால் சுண்ணாம்பு என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பாக இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்."

17 வயதுப் பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து எழுதிய இந்த ஒரு வரியில்தான் இந்தத் துறையே நிற்கிறது. காவல்துறையும் சுங்கத்துறையும் கையில் வைத்திருக்கும் சோதனைப் பெட்டியில் இருப்பதும் இதே மாதிரி நிறம் மாறும் திரவங்கள்தான். மார்க்கி என்றொரு கலவை, ஃபார்மால்டிஹைடும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தது. ஹெராயின் பட்டால் ஊதா ஆகும், மெத்தாம்ஃபெட்டமின் பட்டால் ஆரஞ்சு, பழுப்பு. வேறு சில மருந்துகளுக்கும் அது நிறம் மாறும். அதனால் அது முதல் சந்தேகம் மட்டுமே. நகைக்கடையில் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது போல. உறுதியாகச் சொல்ல ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜிசி-எம்எஸ் என்ற கருவி கலவையைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையை வைத்து இது இன்னது என்று சொல்லும். அந்தக் கருவி பெரியது, விலை அதிகம், நேரமும் எடுக்கும்.

உரைகல்லுக்கும் அந்தப் பெரிய கருவிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது பாருங்கள், உலகம் முழுக்க ஆராய்ச்சி அங்கேதான் நடக்கிறது. உங்கள் பிள்ளை கேட்ட 'சின்ன மெஷினும்' அங்கேதான் இருக்கிறது.

ஒன்றிரண்டைச் சொல்கிறேன். விமான நிலையத்தில் ஒரு சின்னத் துணியால் பையைத் துடைத்து ஒரு பெட்டிக்குள் செருகுவதை அவுக அப்பச்சி பார்த்திருப்பார்கள். துணியில் ஒட்டிய துகளைச் சூடாக்கி, மின்னேற்றம் கொடுத்து, ஒரு குழாய்க்குள் ஓட விடுகிறார்கள். எந்த மூலக்கூறு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்பதை வைத்து அது இன்னது என்று அடையாளம் காண்கிறது கருவி. வெடிமருந்துக்கும் போதைப்பொருளுக்கும் இதே முறைதான், சில நொடி வேலை.

இன்னொன்று நம் திருச்சி மண்ணில் பிறந்த சி.வி.ராமன் கொடுத்தது. 1928 பிப்ரவரி 28-ல் அவர் கண்டது, 1930-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது. ஒரே நிற ஒளியை ஒரு பொருள் மேல் அடித்தால், சிதறி வரும் ஒளியில் துளியூண்டு நிறம் மாறி வரும், அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை மாதிரி. இன்று அது கையடக்கக் கருவியாகிவிட்டது. பிளாஸ்டிக் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே உள்ளே இருப்பதைப் படிக்கும். ஆனால் பழுப்பு ஹெராயின் மாதிரிப் பொருள்கள் தாங்களே ஒளிர்ந்து அந்தக் கைரேகையை மறைத்துவிடும். ஒரு சிட்டிகை விஷத்தை நிறைய மாவில் கலந்திருந்தாலும் கருவிக்குத் தெரியாமல் போகலாம். இதைச் சரிசெய்ய, வெள்ளி, தங்கத் துகள்களின் மேல் பொருளை ஒட்டவைத்து அந்த ஒளியைப் பல மடங்கு பெருக்குகிறார்கள். 1974-ல் இங்கிலாந்தில் இது முதன்முதலில் தென்பட்டது, மின்வேதியியல் சோதனை ஒன்றில், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனை மேல்.

மின்வேதியியல் என்றதும் காரைக்குடிக்காரர்களுக்கு எந்தக் கட்டடம் ஞாபகம் வரும்? சிக்ரிதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அந்த மதில் ஓரமாகவே பஸ்ஸில் போய் வருகிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பத்தா தினமும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்களே, அந்தப் பட்டை ஒரு மின்வேதியியல் உணரி, அதாவது சென்சார். சொட்டு ரத்தம் பட்டதும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து எண்ணாகச் சொல்கிறது. அதே வடிவத்தில் போதைப்பொருளுக்கும் பட்டைகள் செய்யப் பல நாடுகளில் முயல்கிறார்கள். நீங்கள் பயப்படுகிற அந்த 'வேலை', அப்பத்தாவின் சர்க்கரைப் பட்டைக்குத் தங்கச்சி முறை. இதை அப்பத்தாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

சரி, இந்தக் கருவி ஏன் இவ்வளவு முக்கியம்? அவுக அப்பச்சி இருக்கும் நாட்டில் 'டாடா' (மலாய் மொழியில் போதைப்பொருளுக்கு அதுதான் பெயர்) என்றாலே உயிர் போகிற விஷயம். அங்கே கட்டாய மரண தண்டனையை எடுத்ததே 2023-ல்தான். நம் நாட்டில் 1985-ம் ஆண்டு சட்டம், பொருளையும் எடையையும் வைத்துத் தண்டனை சொல்கிறது. மெத்தாம்ஃபெட்டமின் 2 கிராம் வரை சிறிய அளவு, 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவென்றால் 10 வருடத்துக்குக் குறையாத சிறை. அந்தப் பொட்டலத்தில் இருப்பது வேறு ஏதோ தூள் என்றால்? கருவி தப்பாகச் சொன்னால் ஒரு வீட்டுப் பிள்ளை உள்ளே போய்விடும். கருவி கண்டுபிடிக்காமல் விட்டால் இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்தப் பையன் மாதிரி விழுந்து கிடக்கும். இரண்டு பக்கமும் பிள்ளைகள்தான், ஆச்சி. அதனால்தான் அவள் நோட்டில் எழுதிய வரி எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் எழுதி வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதலாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று. வாயால் வாங்குவது போதாது என்று ஆனபின், மாதிரியை எப்படி எடுத்தார்கள், எப்படி முத்திரை வைத்தார்கள், ஆய்வகம் என்ன சொன்னது என்பதற்கு எடை கூடிவிட்டது. அதோடு, ஐ.நா. கணக்கில் உலகம் முழுக்க இதுவரை தென்பட்ட புதுவகைப் போதைப்பொருள்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றி இன்னொன்றைச் செய்துவிடுகிறார்கள். பழைய பட்டியலை வைத்துப் பழகிய கருவிக்குப் புதியது தெரியாது. ஆக, இந்த வேலைக்கு ஆள் தேவை என்பது சீக்கிரம் தீரப்போவதில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே 1990-ல் ஒரு தொழில்நுட்ப மையத்தைச் சட்டம் போட்டு வைத்தார்கள். பிறகு சின்ன ஊர்க் காவல் நிலையங்களுக்கும் கருவி கொடுக்கும் திட்டம் ஒன்றையும் அதோடு சேர்த்தார்கள். அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பிடிக்கிறது. குளிரூட்டிய அறையில் அழகாக வேலை செய்யும் கருவி, தொண்டிக் கடற்கரையில் உப்புக்காற்றில், சித்திரை வெயிலில், கை வியர்த்த ஒரு கான்ஸ்டபிள் கையில் வேலை செய்ய வேண்டும். நம் வெயிலும் உப்பும் தெரிந்த பிள்ளை செய்தால் நன்றாக இருக்கும்.

இனி படிப்புக்கு வருகிறேன். அந்தக் கையேட்டில் இருக்கும் படிப்பில் இப்போது சேர்க்க வேண்டாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை இதே மாதிரிப் படிப்பில் சேரச் சொன்னவன் நான். பெயரைப் பார்த்தேன், ஆய்வகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வருடம் முடித்து வந்தவன் ஜிசி-எம்எஸ்ஸைப் படத்தில்தான் பார்த்திருந்தான். அவன் அப்பா அறந்தாங்கியில் நிலத்தை அடமானம் வைத்துக் கட்டிய பணம் அது. இன்னும் எனக்கு அது உறுத்துகிறது. எல்லாக் கல்லூரியும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் நேரில் போய், கருவி இருக்கிறதா, ஓடுகிறதா, பிள்ளைகள் தொட்டு வேலை செய்கிறார்களா என்று மூன்றாம் வருட மாணவர்களிடம் கேட்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

அவள் கணக்கு-உயிரியல் குரூப். வேதியியல் மதிப்பெண்ணும் கணக்கும் நன்றாக இருக்கின்றன. முதல் தேர்வாக சிக்ரியில் அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு நடக்கும் வேதி-மின்வேதிப் பொறியியல் பி.டெக். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பது உங்களுக்கு நிம்மதி, ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே படிப்பது அவளுக்கு லாபம். இடம் குறைவு, கட்-ஆஃப் கடினம், சேர்க்கை விதிகளை இந்த வருட அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். அதில் மூன்று வருடம் ஒழுங்காகப் படித்துவிட்டு, ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. போகலாம். தடய அறிவியல் மேல் ஆசை அப்போதும் இருந்தால், காந்திநகரில் இருக்கும் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் போகட்டும். 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது அது. அடிப்படை வேதியியல் பலமாக இருப்பவருக்கு எந்தக் கதவும் பூட்டியிருக்காது. அரசு அறிவிப்புகள் பலவற்றிலும் வேதியியல், இயற்பியல் முதுகலையைத்தான் கேட்கிறார்கள். கருவியின் மின்சுற்று மேல் ஆர்வம் என்றால் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஒரு வழி. அவளிடம் நான் பார்த்தது வேதியியல் ஆர்வம், அதனால் அதை அழுத்திச் சொல்லவில்லை.

வேலை எங்கே? தமிழ்நாடு தடய அறிவியல் துறை. 1849-ல் சென்னையில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்திலிருந்து வளர்ந்தது, மதுரையிலும் வட்டார ஆய்வகம் இருக்கிறது, டிஎன்பிஎஸ்சி வழியாக ஆள் எடுக்கிறார்கள். மத்திய தடய ஆய்வகங்கள் உண்டு. பலரும் மறந்துவிடுவது சுங்கத்துறையின் ரசாயன ஆய்வகம். துறைமுகத்தில் சிக்கும் பொருள் அங்கேதான் போகிறது. இந்த இடங்களில் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்க மாட்டார்கள். அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டிவரும். அதனால்தான் வேதியியலைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஜிசி-எம்எஸ் ஓட்டத் தெரிந்தவரை மருந்து நிறுவனமும் உணவுப் பரிசோதனைக் கூடமும் கருவி செய்யும் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும். அரசு வேலை வரும்வரை கை சும்மா இருக்காது.

ஆபத்து? மறைக்காமல் சொல்கிறேன். கதவை உடைத்துப் போவது இந்த வேலை இல்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய நிபுணர் இடத்துக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. அரசு ஆய்வக வேலைக்குப் போனால் அப்படிப் போக வேண்டி வரலாம், போலீஸோடுதான். அறிக்கையே பெரும்பாலும் சாட்சியாகப் போதும், ஆனாலும் நீதிமன்றம் கூப்பிட்டால் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். கருவியை உருவாக்கும் ஆராய்ச்சிப் பக்கம் போனால் இதெல்லாம் பெரிதாக இல்லை. அங்கே பார்த்துக்கொள்ள வேண்டியது கையுறை, ரசாயனப் புகையை உறிஞ்சும் கூண்டு, அமிலம். எந்த வேதியியல் பிள்ளைக்கும் உள்ளதுதான்.

அவுக அப்பச்சியிடம் இந்தக் கடிதத்தை வாட்ஸப்பில் அனுப்புங்கள். அவர்கள் நேரத்துக்கு இரவு எட்டு மணிக்கு மேல் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், பேசுகிறேன். நீட் எழுதச் சொல்கிறார்கள் என்றால் எழுதட்டும், அதில் தப்பில்லை, ஆனால் அதற்காக இன்னொரு வருடத்தை உட்கார்ந்து கழிக்க வைக்காதீர்கள்.

அப்புறம், செப்டம்பர் 26 சிஎஸ்ஐஆர் நிறுவன நாள். சிக்ரி அந்த மத்திய ஆராய்ச்சி அமைப்பின் கீழ்தான் வருகிறது. அதை ஒட்டி சிக்ரி ஆய்வகங்களை மாணவர்கள் பார்க்கத் திறந்து வைப்பது வழக்கம். தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு நீங்களும் அவளோடு உள்ளே போய் வாருங்கள். உணரி செய்யும் ஆய்வகம் எது என்று கேட்டு, அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்பத்தாவால் நடக்க முடிந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். அந்த மஞ்சள் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆச்சி.