2³² + 1: ஓர் எண், சில கேள்விகள்

கேள்வி: 2³² + 1, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297, பகா எண்ணா சார்? கணித மேதை ஃபெர்மா அப்படிச் சொன்னதாகப் படித்தேன்.

பதில்: பகா எண் இல்லை. 641 × 6700417. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வரும் வரிசை இது. அதில் முதல் ஐந்தும் (3, 5, 17, 257, 65537) பகா எண்கள் என்பதால் ஃபெர்மா எல்லாமே அப்படித்தான் என்று நம்பினார். அடுத்ததிலேயே சறுக்கல். 1732-இல் கணித மேதை ஆய்லர் 641 என்ற காரணியைப் பிடித்தார்.

கேள்வி: வகுக்காமலே 641 ஒரு காரணி என்று காட்ட முடியுமா?

பதில்: நாலு வரி போதும். 641 = 5 × 2⁷ + 1; அதே 641 = 5⁴ + 2⁴. 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இப்போது 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடுங்கள்: −2³²-க்கு மீதி 1. ஆக 2³² + 1 மீதியின்றி வகுபடும். கடைசிப் படியில் மைனஸை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு; பலர் தவறுவது அங்கேதான்.

கேள்வி: இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536 சொச்சம். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றனவே, 641-ஐத் தேடிப் பிடிப்பது எப்படி?

பதில்: இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 129, 257, 385, 513, 641 என்று போனால் அவற்றில் பகா எண்கள் 257, 641 மட்டுமே. 2⁸ = 256 என்பதால் 257-ஆல் வகுத்தால் மீதி 2; தள்ளுபடி. அடுத்ததே 641.

6700417-க்கும் இதே சல்லடை. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 257, 641, 769, 1153, 1409 என ஐந்து எண்களைச் சோதித்தால் போதும். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. பூஜ்யம் இல்லை, எனவே பகா எண்.

கேள்வி: அண்ணா, 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை எழுதினேன் (அடிமானத்தை, எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வராவிட்டால் அது பகா எண் இல்லை). பைத்தான் நிரல் 'பகா எண்' என்கிறது, 64 பிட் குறியில்லா முழு எண்ணில் எழுதிய சி நிரல் 'இல்லை' என்கிறது. சி சரியா?

பதில்: விடை சரி, கணக்கு தப்பு! 2³²-ஐ வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. அது 64 பிட்டில் அடங்காமல் 0 ஆகிவிடும். அதன்பின் எல்லாம் 0. பைத்தானின் கணக்குதான் ஒழுங்கு. நம் எண்ணால் வகுத்தால் 2³²-க்கு மீதி −1, ஆகவே 2⁶⁴-க்கு மீதி 1. நம் எண்ணில் ஒன்று குறைந்த 2³², 64-இன் மடங்கு. அதனால் 2-ஐ வைத்து இந்த எண்ணை மாட்டவைக்கவே முடியாது. அடிமானத்தை 3 ஆக்குங்கள், மாட்டிக்கொள்ளும். சி-யில் பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்யுங்கள்.

கேள்வி: வகுத்திகள் எத்தனை?

பதில்: நான்கு. கூடுதல் 642 × 6700418 = 4301668356.

கேள்வி: 65536² + 1² தவிர வேறு இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாமா?

பதில்: இன்னும் ஒரே ஒரு வழி: 62264² + 20449². இரண்டு வழி கிடைத்தாலே காரணியும் கைக்கு வந்துவிடும். 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. வகுத்தால் 409, 2556. 409² + 2556² = 6700417.