ஆட்குறைப்பு அறிவித்த ஆய்வுக்கூடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, சிங்கப்பூரில் அரசாங்க நிதியில் இயங்கும் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் ஆட்குறைப்பைப் பற்றியவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் நிறுவனங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன். நிதி ஒதுக்கீடு குறைவதால் ஆட்குறைப்பு இருக்கும் என்று நிர்வாகம் அறிவித்தது. எத்தனை பேர், யார், எப்போது என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து குழுக் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. நல்ல சோதனை முடிவு வந்தால்கூட முகத்தில் மலர்ச்சி இல்லை. ஊழியர்களின் மனவுறுதியை உயர்த்துவதற்காக ஒன்றுகூடல் ஒன்றை நடத்தும்படி மனிதவளப் பிரிவு பணம் கொடுத்திருக்கிறது. நடத்தலாமா? வேறு என்ன செய்வது? (கிளமெண்டி வாசகர்)

பதில்: இப்போது நடத்தாதீர்கள். அந்தப் பணத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் பிரியாணியைச் சாப்பிடுவார்களே தவிர, நிர்வாகத்தை நம்பமாட்டார்கள். விலகிச் செல்பவர்கள் யார் என்று தெரிந்த பிறகு அவர்களுக்கு முறையாக விடைகொடுக்க அந்தத் தொகை பயன்படட்டும்.

உங்கள் குழுவினரின் மௌனத்தை மனச்சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாம் சொல்லும் எந்தச் சொல் எந்தப் பட்டியலில் தம்மைச் சேர்க்கும் என்று தெரியாத நிலையில், அறிவுள்ள எவரும் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். அளவுகோல் என்னவென்று தெரியாததே அவர்களை முடக்குகிறது. ஆட்குறைப்புக்குப் பின் வேலையில் எஞ்சியிருப்பவர்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜோயல் புரோக்னரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவதும் இதற்கு நெருங்கியதே: முடிவு எப்படி எடுக்கப்பட்டது, போனவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைப் பார்த்துத்தான், இருப்பவர்கள் நிறுவனத்தின்மீது தமக்குள்ள பற்றை முடிவுசெய்கிறார்கள்.

அரசாங்க ஆய்வுக்கூடங்களின் அண்மைக்கால வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ, 2016 பிப்ரவரியில் சுமார் 350 பணியிடங்கள் பாதிக்கப்படும் என்று அறிவித்தது. பருவநிலை ஆய்வுக்குத்தான் பலத்த அடி. கடல்மட்ட உயர்வு குறித்த ஆய்வில் உலகறிந்த ஜான் சர்ச், தம் வேலை போகக்கூடும் என்ற செய்தியை அவ்வாண்டு மே மாதம் ‘இன்வெஸ்டிகேட்டர்’ ஆய்வுக் கப்பலில் நடுக்கடலில் இருந்தபோது கேட்டறிந்தார். உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான அறிவியலாளர்கள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட்டில் அரசாங்கம் தலையிட்டு 15 பருவநிலை அறிவியலாளர் பணியிடங்களை மீண்டும் உருவாக்கச் சொன்னது. சர்ச் அங்கே திரும்பவில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

நாசாவுக்காகக் கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகம் நடத்திவரும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தின் கதை வேறு விதமானது. 2024 பிப்ரவரி 7 அன்று, எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி சொல்லப்பட்டு, மின்னஞ்சல் வழியாகச் செய்தி வந்தது: சுமார் 530 ஊழியர்கள், அவர்களோடு 40 ஒப்பந்தப் பணியாளர்கள். செவ்வாய்க் கோளிலிருந்து மண் மாதிரி கொண்டுவரும் திட்டத்துக்கான நிதி சுருங்கியதும் அமெரிக்க நாடாளுமன்றம் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றாததுமே காரணம். நிர்வாகத்தின் கையில் இருந்தது கொஞ்சம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நவம்பரில் மேலும் சுமார் 325 பேர், 2025 அக்டோபரில் மேலும் சுமார் 550 பேர் என்று வெட்டு தொடர்ந்தது. தவணை முறையில் வரும் ஆட்குறைப்பைப்போல் ஓர் ஆய்வுக்கூடத்தை அரித்துவிடுவது வேறில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு, ‘இத்தோடு முடிந்தது’ என்று யார் சொன்னாலும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நெடுங்காலத் தழும்புக்கு லாரன்ஸ் லிவர்மோரைச் சொல்லலாம். 1952 முதல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்திவந்த அந்த அணு ஆயுத ஆய்வுக்கூடத்தின் நிர்வாகம் 2007 அக்டோபரில் தனியார் நிறுவனங்கள் பங்குவகிக்கும் கூட்டமைப்பு ஒன்றின் கைக்கு மாறியது. 2008 மே மாதம் சுமார் 440 நிரந்தர ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். பணிமூப்பை மதிக்காமல், ஒப்பந்தத்தை மீறி நீக்கினார்கள் என்று 129 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2013ல் முதல் ஐவருக்குச் சாதகமாக ஒப்பந்த மீறல் தீர்ப்பு வந்தது; 2015ல் மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது. ஆளைத் தேர்ந்தெடுத்த முறை கேள்விக்கு உள்ளானால், ஓர் அறிவிப்பு ஏழாண்டுகளுக்கு இழுத்துக்கொண்டே போகும்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன். நிர்வாகத்திடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த அளவுகோலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தத் தேதிக்குள் சொல்வார்கள், ஒரே முறையா தொடர்ந்து நடக்குமா. பதில் வராமல் போகலாம். கேட்டீர்கள் என்பதைக் குழு அறிந்திருப்பதே பாதி பலன். வாரந்தோறும் ஒரே நேரத்தில், சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், குழுவைக் கூட்டி, ‘புதிய செய்தி இல்லை, அடுத்த வியாழன் மீண்டும் சொல்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு நிமிடம் இல்லாத இடத்தில்தான் உணவகத்து வதந்தி புகுந்துகொள்ளும். நம் குழுவுக்கு ஒன்றும் வராது என்ற வாக்குறுதியை மட்டும் தராதீர்கள். அதைக் காப்பாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை.

ஆய்வுக்கூடத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலான மனிதவள அதிகாரிகள் அறியமாட்டார்கள். ஓர் ஆய்வாளர் வேலையை இழக்கும்போது சம்பளத்தோடு, நான்கைந்து ஆண்டுகளாக வளர்த்த ஆய்வும் கைவிட்டுப் போகிறது. வெளிவராத கட்டுரையில் தம் பெயர் எங்கே இருக்கும், தாம் சேகரித்த தரவை யார் பயன்படுத்துவார்கள், உறைநிலைப் பெட்டியில் வைத்த மாதிரிகள் குப்பைக்குப் போகுமா என்ற கவலைகள் வெளியில் சொல்லப்படாமலே அவரைத் தின்னும். எனவே அறிவிப்பு வருவதற்கு முன்பே, குழுவில் உள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் வரிசையை எழுதி, எல்லாரும் ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள். போனவர் பெயர் நீக்கப்படாது என்று அதிலேயே ஒரு வரி இருக்கட்டும். பரிந்துரைக் கடிதங்களையும் இப்போதே எழுதத் தொடங்கலாம். பதினான்கு பேருக்கும் எழுதுங்கள், அப்போதுதான் யாரும் அதில் குறிப்பு தேடமாட்டார்கள்.

கேள்வி: பதினேழு ஆண்டுகளாக ஆய்வுக்கூட அலுவலராக இருக்கிறேன். என் தோழியின் மூன்றாண்டு ஒப்பந்தத்தைப் பத்து மாதங்கள் மீதமிருக்கும்போதே முடித்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. அது ஆட்குறைப்பு இல்லை என்றும் சொல்கிறார்கள். அவள் செய்த வேலையும் இப்போது என் தலையில். நான் இருப்பதே குற்றம்போல் தோன்றுகிறது. (ஈசூன் வாசகி)

பதில்: ஆய்வு மானியத்தோடு கட்டப்பட்ட ஒப்பந்தங்கள் நிறைந்த துறையில், ஆட்குறைப்பு என்று சொல்லாமலே ஆளைக் குறைப்பது எளிது. ஆனால் மனிதவள அமைச்சின் விளக்கப்படி, ஆள் தேவைப்படாததாலோ நிறுவனச் சீரமைப்பாலோ வேலையை முடிப்பது ஆட்குறைப்புதான். ஆறு மாதமோ அதற்கு மேலோ காலவரையுள்ள ஒப்பந்த ஊழியர்களும் அதில் அடங்குவர். காலம் முடிந்தபின் புதுப்பிக்காமல் விடுவது வேறு, பாதியில் முடிப்பது வேறு. உங்கள் தோழிக்கு நடந்தது இரண்டாவது.

முதலில் நியமனக் கடிதத்தை எடுத்து, முதலாளி யார் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆணைபெற்ற கழகத்தின், அதாவது தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசாங்க அமைப்பின், ஊழியர் என்றால் வேலை நியமனச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ஒப்பந்தமும் பொதுச் சேவை விதிகளுமே பேசும், அத்தகைய ஊழியர்களுக்கென்று இருக்கும் தொழிற்சங்கத்தை அணுகலாம். தனி நிறுவனமாகப் பதிவான ஆய்வுக்கூடம் என்றால் சட்டம் பொருந்தும். அப்போதும் ஆட்குறைப்பு இழப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. இரண்டாண்டு சேவைக்குப் பிறகு கேட்க இடமுண்டு, ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை தருவது வழக்கம். வேலை முடிக்கப்பட்ட காரணத்தைக் கட்டாயம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வேலை தேடுவோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம், சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்போகாமல், தம் விருப்பமின்றி வேலையிழந்தவர்களுக்கானது. காரணம் தெளிவில்லாத கடிதம் அங்கே இடறும்.

உங்கள் வேலைப்பளுவைப் பற்றி: இரண்டு பேர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டு, இவற்றில் எதை நிறுத்தலாம் என்று மேலாளரைக் கேளுங்கள். முடியவில்லை என்று சொல்லவேண்டிய தேவையே வராது. குற்றவுணர்ச்சிக்கு நான் சொல்லக்கூடியது, தோழிக்குத் தொலைபேசியில் பேசுங்கள் என்பதுதான். வேலையை இழந்தவர்களில் பலரும் சொல்லும் குறை, பழைய சக ஊழியர்கள் சங்கடத்தால் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது.

கேள்வி: என் கணவர் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) ஆய்வாளராக இருக்கிறார். அறிவிப்பு வரும் முன்பே தூக்கமில்லை. ஊருக்குச் சொல்லவும் முடியவில்லை. என்ன தயாரிப்பு செய்வது? (செங்காங் வாசகி)

பதில்: அம்மா, பாஸ் ரத்தானபின் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும், உங்களுடைய சார்ந்திருப்போர் பாஸும் அதோடு போகும். வேலை முடியும் நாளிலிருந்துதான் ரத்து செய்யும் காலம் தொடங்கும் என்பதால், முன்னறிவிப்புக் காலத்துக்குப் பதிலாகப் பணம் தருவதாகச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தக் காலம் முழுவதும் ஊழியராகவே இருக்க அனுமதி கேளுங்கள். பட்டியல் வந்த பிறகும் இதற்கு இடமுண்டு, பல மேலாளர்கள் இசைவார்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது முதலாளி உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் அனுப்பி, வரிக்கணக்கு முடியும்வரை கொடுக்கவேண்டிய தொகையைப் பிடித்து வைக்க வேண்டும். கடைசிச் சம்பளம் குறித்த நாளில் கைக்கு வராது. இரண்டு மாத வாடகைக்கும் விமானச் சீட்டுக்குமான பணத்தை அதை நம்பாமல் தனியே எடுத்து வையுங்கள்.